பசியும் படையும்: கெயின்ஸின் நூலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

போர்கள் ஏன் மூள்கின்றன என வினவினால் படித்தவர் பலரிடமிருந்து ஒரே விடைதான் வருகிறது. நாடு வறுமையில் வீழ்ந்தது. வறுமை சர்வாதிகாரியை அரியணை ஏற்றியது. சர்வாதிகாரி நாட்டைப் போருக்கு இட்டுச் சென்றான். முதல் உலகப் போருக்குப் பிந்திய ஜெர்மனியின் வரலாறு இம்மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டதாகவே பெரும்பாலோர் எண்ணுகின்றனர்.

இவ்விடைக்கு அறிவுலகில் பெருமதிப்பைத் தேடித் தந்த நூல், ஜான் மேனார்ட் கெயின்ஸ் 1919 டிசம்பரில் வெளியிட்ட 'சமாதானத்தின் பொருளாதார விளைவுகள்' என்பதாகும். நூறாண்டுகளுக்குப் பின்னரும் போரின் காரணங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்நூல் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆகவே அது எவ்வளவு தூரம் நமக்கு வழிகாட்டுகிறது, எந்த இடத்தில் நம்மை விட்டுவிடுகிறது என்பதை ஆராய்வது தேவையாகிறது. முஸ்லிம் உலகம் தன் சொந்தக் கொடுங்கோலர்களை மதிப்பிட்ட முறையிலும் இதே விடை ஒளிந்திருப்பதால் இது நமக்கு வெறும் ஐரோப்பிய வரலாறு அன்று.

நூல் கூறுவது

கெயின்ஸ் பாரிஸ் சமாதான மாநாட்டில் பிரிட்டிஷ் கருவூலத்தின் பிரதிநிதியாக அமர்ந்திருந்தவர். தோற்ற நாட்டின் மீது சுமத்தப்படவிருந்த விதிகளை ஏற்க மனமின்றி 1919 ஜூனில் பதவியைத் துறந்து வெளியேறினார். அடுத்த சில மாதங்களிலேயே நூலை எழுதி முடித்தார். அப்போது அவருக்கு வயது 36.

அவருடைய வாதம் எளிமையானது. போருக்கு முந்திய ஐரோப்பா, நிலக்கரியாலும் இரும்பாலும் வணிகத்தாலும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த ஓர் உடல். அவ்வுடலின் நடுப்பகுதியாகிய ஜெர்மனியை நொறுக்கினால் வென்றவரும் நலிவர். ஜெர்மனியால் செலுத்தவே இயலாத இழப்பீட்டைக் கேட்பது அறமுமன்று, அறிவுடைமையுமன்று. நேச நாடுகள் தமக்குள் பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டும். இழப்பீட்டைக் குறைக்க வேண்டும். வணிகத் தடைகளை நீக்க வேண்டும். மத்திய ஐரோப்பாவை வறுமைக்குள் தள்ளுவதையே நோக்கமாகக் கொண்டால் பழிவாங்கல் தாமதியாது வந்து சேரும் என அவர் எச்சரித்தார்.

பின்னர் நிகழ்ந்தவை அவரைத் தீர்க்கதரிசியைப் போல் தோன்றச் செய்தன. 1921இல் இழப்பீட்டுத் தொகை 13,200 கோடி தங்க மார்க் என நிர்ணயிக்கப்பட்டது. 1923 நவம்பரில் ஒரு டாலரின் மதிப்பு 4.2 லட்சம் கோடி மார்க் ஆயிற்று. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார். 1939 செப்டம்பர் 1 அன்று போலந்தின் மீது ஜெர்மானியப் படை பாய்ந்தது. இத்தேதிகளை வரிசையாக அடுக்கும்போது ஒன்று மற்றொன்றின் விளைவு என்ற தோற்றம் எழுகிறது. அத்தோற்றத்தையே நாம் ஐயுற வேண்டியுள்ளது.

ஒரு மறுப்புரை

கெயின்ஸுக்கு வந்த மறுப்புகளுள் வலிமையானது எத்தியேன் மாந்தூ என்னும் இளம் பிரெஞ்சுப் பொருளியலாளருடையது. பாரிஸ் மாநாட்டில் நால்வர் அவையின் மொழிபெயர்ப்பாளராக இருந்த பால் மாந்தூவின் மகன் இவர். போர்க்காலத்தில் எழுதிய தம் நூல் 1946இல் வெளிவந்தபோது அதைக் காண அவர் உயிருடன் இல்லை. 1945 ஏப்ரலில், ஐரோப்பியப் போர் முடிவதற்குச் சில நாள்களே இருந்தபோது, களத்தில் மடிந்தார்.

மாந்தூவின் கேள்வி கூர்மையானது. ஜெர்மனியால் இழப்பீடு செலுத்த இயலாது என்றார் கெயின்ஸ். அதே ஜெர்மனி 1933க்குப் பின் ஆறே ஆண்டுகளில் படைக்கலங்களுக்குக் கொட்டிய பொருள் எங்கிருந்து வந்தது? இழப்பீடாகக் கேட்கப்பட்ட ஆண்டுத் தொகைகளைக் காட்டிலும் அது மிகப் பெரிது. ஆகவே இயலாமை என்பது முழு உண்மையன்று. விருப்பமின்மையும் அதில் கலந்திருந்தது.

மாந்தூவும் ஓரிடத்தில் தவறுகிறார். கொடுங்கோல் அரசு தன் மக்களைக் கசக்கிப் பிழிந்து திரட்டும் பொருளை, தேர்தலைச் சந்திக்கும் அரசும் திரட்டியிருக்க முடியும் என அவர் கொள்வது பொருந்தாது. ஆயினும் அவர் திறந்துவைத்த வாயில் முக்கியமானது. வறுமை, வளம் என்னும் சொற்களுக்குப் பின்னால், பொருளை யார் திரட்டுகிறார், யாரிடமிருந்து, எதற்காக என்னும் கேள்விகள் உள்ளன. கெயின்ஸின் நூலில் நாடுகள் செலுத்துகின்றன, நாடுகள் பசிக்கின்றன. ஒரு நாட்டுக்குள் யார் உண்டார், யார் பசித்தார் என்ற கணக்கு அங்கே போதிய இடம் பெறவில்லை.

இடையில் நின்றவர்கள்

தேதிகளையே சற்று நெருங்கி நோக்குவோம். பணத்தின் மதிப்பு அழிந்தது 1923இல். அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின், 1928 மே தேர்தலில் நாஜிக் கட்சி பெற்ற வாக்கு வெறும் 2.6 விழுக்காடு. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து, அமெரிக்கக் கடன்கள் திரும்பப் பெறப்பட்ட பின்னரே அது 1930 செப்டம்பரில் 18.3 ஆகவும், 1932 ஜூலையில் 37.3 ஆகவும் உயர்ந்தது. இந்த உயர்வில் பொருளாதார நெருக்கடியின் பங்கை யாரும் மறுக்கவியலாது.

ஆனால் வேலையிழந்தோர் எங்கு வாக்களித்தனர் என ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. வேலையற்ற தொழிலாளர் பெரும்பாலும் பொதுவுடைமைக் கட்சியின் பக்கம் சாய்ந்தனர். நாஜிகளுக்குத் திரண்டோரில் சிறு வணிகரும் கைவினைஞரும் புரொட்டஸ்டண்ட் கிராமப்புற உழவரும் மிகுதி. பசித்தவரைவிட, பசி தம்மையும் தீண்டுமோ என அஞ்சியவரே அங்கு அதிகம் சென்றனர்.

அடுத்து, 1930 மார்ச் முதல் 1932 மே வரை பிரதமராயிருந்த புரூனிங் என்ன செய்தார்? நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டுக் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் நெருக்கடி ஆணைகளால் ஆண்டார். 1931 டிசம்பரில் கூலிகளை 1927ஆம் ஆண்டின் அளவுக்குக் குறைத்தார். அவருக்குப் பின் வந்த பாப்பன் 1932 ஜூனில் வேலையற்றோர் உதவித்தொகையையும் வெட்டினார். அதே காலத்தில் கிழக்கு மாநிலப் பெருநிலக்கிழார்களின் கடனைத் தாங்க அரசின் உதவி தொடர்ந்து சென்றுகொண்டிருந்தது. கையில் பணமில்லாத அரசுக்கு வேறு வழி இருக்கவில்லை என வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. மொத்தச் செலவைப் பற்றி அவ்வாதம் ஓரளவு பொருந்தலாம். சுமையை யார் தோளில் வைப்பது என்பதில் வழியில்லாமற் போகவில்லை, தோள் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இன்னும் இரண்டு உண்மைகள் கவனத்துக்குரியவை. இழப்பீட்டுச் சுமை 1932 ஜூலையில் லோசான் மாநாட்டில் நடைமுறையில் முடிவுக்கு வந்துவிட்டது. அப்போது ஹிட்லர் பதவியில் இல்லை. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளின் வாக்கு 33.1 விழுக்காடாகச் சரிந்தது. ஏறிக்கொண்டிருந்த அலை இறங்கத் தொடங்கிய அந்நேரத்தில்தான் பாப்பனும் ஹிண்டன்பர்க்கின் சுற்றத்தாரும் பேரம் பேசி ஹிட்லரிடம் ஆட்சியை ஒப்படைத்தனர். தாம் அவரை அடக்கி ஆளலாம் என அவர்கள் கணக்கிட்டனர். பசித்த மக்கள் கோட்டைக் கதவை உடைக்கவில்லை. உள்ளிருந்தோர் கதவைத் திறந்துவிட்டனர்.

இதே நெருக்கடியில் அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டில் உழைப்பாளர் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. அங்கு ரூஸ்வெல்ட்டின் புதிய திட்டம் பிறந்தது. சுவீடனில் 1933 மே மாதத்தில் தொழிலாளர் கட்சியும் உழவர் கட்சியும் உடன்பாடு கண்டு, ஒரு பக்கம் பொதுப்பணிகளுக்கும் மறுபக்கம் விளைபொருள் விலைக்கும் வகை செய்தன. ஒரே வகை இடர் வெவ்வேறு கைகளில் வெவ்வேறு முடிவை எட்டியது என்றால், முடிவின் பொறுப்பை இடரின் மேல் ஏற்றுவது எவ்வாறு நேர்மையாகும்?

கருவூலத்திலிருந்து களத்துக்கு

இனி இரண்டாம் படிக்கு வருவோம். சர்வாதிகாரி ஏன் போருக்குச் செல்கிறான்? அவனுடைய வெறியையும் கொள்கையையும் கூறுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். அவை உண்மைதான். நாஜிகளின் இன வெறியும் நில வேட்கையும் பொருளாதாரத்தால் பிறந்தவை அல்ல. ஆனால் கொள்கை போராக மாறும் காலத்தையும் வேகத்தையும் நிர்ணயித்ததில் கணக்கேட்டுக்கும் பங்குண்டு.

1933 மே 2 அன்று தொழிற்சங்கங்கள் ஒழிக்கப்பட்டன. கூலி உயர்வு கேட்கும் வாய் அடைக்கப்பட்டபின் வேலைவாய்ப்பு பெருகியது. அது பெரும்பாலும் படைக்கலத் தொழிலிலும் அதைச் சார்ந்தவற்றிலும் பெருகியது. மைய வங்கித் தலைவர் ஷாக்ட், மெஃபோ என்ற பெயரளவு நிறுவனம் ஒன்றின் பேரில் உண்டியல்கள் எழுதச் செய்து, வரவுசெலவுத் திட்டத்தில் தெரியாதபடி ஏறத்தாழ 1,200 கோடி மார்க் கடனைப் படைக்குத் திருப்பினார். நம் வணிகர் அறிந்த உண்டியல் முறைதான் அது. ஆனால் சரக்குக்கு ஈடாகப் பீரங்கி இருந்தது. பீரங்கி விற்று வரவு தருவதில்லை. இறக்குமதிக்குத் தேவையான அந்நியச் செலாவணி வற்றியது. 1936 ஆகஸ்டில் ஹிட்லர் வரைந்த குறிப்பு, நான்கே ஆண்டுகளில் படை போருக்கு ஆயத்தமாக வேண்டும், பொருளாதாரமும் அதற்குத் தகுதியாக வேண்டும் என ஆணையிட்டது.

1938 மார்ச்சில் ஆஸ்திரியா விழுங்கப்பட்டபோது வியன்னா மைய வங்கியின் தங்கம் பெர்லினுக்குச் சென்றது. ஜெர்மன் மைய வங்கி அன்று வெளிப்படையாகக் காட்டிய இருப்பைவிட அது பெரிது. 1939 மார்ச்சில் பிராக் வீழ்ந்ததும் செக் நாட்டின் தங்கத்தின் மீதும் கைவைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியிலேயே ஷாக்டும் வங்கி இயக்குநர்களும் இந்தச் செலவு நாணயத்தை அழித்துவிடும் என எழுதி எச்சரித்தனர். ஷாக்ட் பதவி நீக்கப்பட்டார். ஆடம் டூஸ் என்னும் வரலாற்றாசிரியர் 2006இல் வெளியிட்ட பெருநூல் இவ்விழையை விரிவாகத் தொடர்ந்து செல்கிறது. படையைக் கட்டியதனால் வந்த கடன், படையை ஏவிக் கொள்ளையிட்டால் ஒழியத் தீராது என்ற நிலைக்கு நாடு கொண்டுவரப்பட்டது.

பசியைத் தீர்ப்பேன் என ஆட்சிக்கு வந்தவன் பசியை என்ன செய்தான்? 1941 மே மாதத்தில், சோவியத் மண்ணின் தானியத்தை ஜெர்மானியப் படைக்கும் மக்களுக்கும் திருப்பி, அங்கு பல கோடி மக்களைப் பட்டினியால் மடியவிடும் திட்டத்தை அவ்வரசின் அதிகாரிகள் தாளில் எழுதினர். முற்றுகைக்குள்ளான லெனின்கிராடில் மட்டும் ஏறத்தாழ 8 லட்சம் குடிமக்கள் மாண்டனர். சர்வாதிகாரம் பசியை ஒழிக்கவில்லை. எல்லைக்கு அப்பால் இடம்பெயர்த்தது.

இப்னு கல்தூன் சேர்ப்பது

இந்தப் படிமுறையைக் காண நாம் ஐரோப்பியரிடம் மட்டுமே செல்ல வேண்டியதில்லை. 1332இல் துனிஸில் பிறந்த இப்னு கல்தூன், 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், ஆட்சியின் தொடக்கத்தில் வரிவிகிதம் குறைவாயிருந்து வருவாய் பெருகுவதையும், இறுதியில் வரி மிகுந்து வருவாய் சுருங்குவதையும் விளக்குகிறார். ஆடம்பரமும் படைச்செலவும் பெருகப் பெருக, ஆள்வோன் தானே வணிகத்தில் இறங்கிக் குடிகளின் தொழிலை நசுக்குவதையும் காட்டுகிறார். அநீதியே நாகரிகத்தின் அழிவுக்குக் காரணம் என்பதும், ஊதியமின்றி உழைப்பைப் பறிப்பது அநீதியுள் பெரிது என்பதும் அவருடைய முடிவுகள்.

இங்கு அவர் கெயின்ஸிடமிருந்து வேறுபடும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கெயின்ஸுக்கு வறுமை வெளியிலிருந்து, வென்றவர் கையால் வருகிறது. இப்னு கல்தூனுக்கு அது உள்ளிருந்து, ஆள்வோன் கையால் வருகிறது. போர்களின் வகைகளைப் பிரிக்கும்போதும், பிறர் உடைமையைப் பறிப்பதையே பிழைப்பாகக் கொண்டவரின் போரை அவர் நியாயமற்றவற்றுள் சேர்க்கிறார். அவர் கண்டது அரச மரபுகளையும் குலங்களையும். மைய வங்கியை அவர் அறியார். ஆகவே இருபதாம் நூற்றாண்டு முழுவதும் அவருக்குள் அடங்கும் எனப் பெருமை பேசுவது அவருக்கே நீதி செய்வதாகாது. ஆனால் கருவூலத்தின் மீது கண் வைக்க வேண்டும் என்ற அவருடைய முறை இன்றும் பயன்படுகிறது.

நம் வீட்டுக்கு வந்த கேள்வி

அம்முறையை நமக்கு அருகிலுள்ள ஓர் எடுத்துக்காட்டில் சோதிப்போம். 1979 ஜூலையில் சதாம் ஹுசைன் இராக்கின் அதிபரானபோது அந்நாடு வறிய நாடன்று. எண்ணெய் வருவாயால் ஏறத்தாழ 3,500 கோடி டாலர் அந்நியச் செலாவணி இருப்பு அதனிடம் இருந்தது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகியிருந்தன. 1980 செப்டம்பர் 22 அன்று ஈரான் மீது படையெடுத்த கை நிறைந்த கை. வறுமையே போரைத் தருகிறது என்னும் விடை இங்கே முதல் அடியிலேயே இடறுகிறது.

எட்டாண்டுப் போர் 1988 ஆகஸ்டில் ஓய்ந்தபோது இருப்பு கரைந்திருந்தது. கடன் 8,000 கோடி டாலர் அளவுக்கு ஏறிவிட்டதாக மதிப்பிடுவோர் உண்டு. அவ்வாண்டு மார்ச்சில் ஹலப்ஜா நகரின் குர்து மக்கள் மீது நச்சுவாயு வீசப்பட்டு ஏறத்தாழ 5,000 பேர் மாண்டிருந்தனர். 1990இன் முற்பகுதியில் எண்ணெய் விலை சரிந்தது. குவைத் தான் கொடுத்த கடனைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. ஒதுக்கீட்டை மீறி எண்ணெய் எடுப்பதாகவும் ருமைலா வயலில் கைவைப்பதாகவும் அதன் மீது இராக் குற்றம் சாட்டியது. ஆகஸ்ட் 2 அன்று குவைத் கைப்பற்றப்பட்டது. அதன் மைய வங்கியின் தங்கம் பாக்தாதுக்கு ஏற்றிச் செல்லப்பட்டது. வியன்னாவில் நிகழ்ந்தது வேறொரு மொழியில் மீண்டும் நிகழ்ந்தது.

அந்நாள்களில் குவைத்திலும் இராக்கிலும் சிக்கிய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அம்மான் வழியாக விமானங்களில் மீட்கப்பட்டனர். அவர்களுள் தமிழக முஸ்லிம்களும் இருந்தனர். ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்ததை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். ஆயினும் அதே காலத்தில் பிறந்த ஆண் மக்களுக்குச் சதாமின் பெயரைச் சூட்டிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வல்லரசை எதிர்த்து நின்றார் என்ற ஒரு தகுதி, அவர் கொன்ற முஸ்லிம்களின் கணக்கை மறைத்துவிட்டது. கடன் நெருக்கியதால் அவர் வேறு என்ன செய்வார் என்ற வாதமும் அன்று கேட்டது. அக்கடனை வாங்கியவர் யார், எதற்காக என்ற கேள்வி எழவில்லை.

இதைக் கூறும்போது மற்றொரு பக்கத்தை மறைத்தல் ஆகாது. கெயின்ஸின் பார்வை ஐரோப்பாவிலேயே நிலைத்துவிட்டது. அவர் கண்டித்த அதே சமாதானம் அரபு மண்ணையும் கூறுபோட்டது. 1920 ஏப்ரலில் சான் ரெமோவில் இராக் பிரிட்டனின் பொறுப்பில் விடப்பட்டது. அவ்வாண்டே இராக்கியர் கிளர்ந்தெழுந்தனர். 1922இல் உகைரில் பிரிட்டிஷ் அதிகாரி பெர்சி காக்ஸ் எல்லைகளை வரைந்தார். ஜெர்மனிக்காக வருந்திய பேனா இராக்குக்காக வருந்தியிருந்தால் அந்நூல் இன்னும் பெரிய நூலாகியிருக்கும்.

அதே வேளையில், 1990 ஆகஸ்ட் 6 முதல் இராக் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையை நோக்கும்போது கெயின்ஸின் எச்சரிக்கை முழு வலிமையோடு நிற்கிறது. ஆள்வோனின் குற்றத்துக்கு மக்களைப் பட்டினி போடுவது அவனை வீழ்த்துவதில்லை. பங்கீட்டு அட்டைக்காக அரசின் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலையில் இராக்கியர் தள்ளப்பட்டனர்; அரண்மனைகளோ கட்டப்பட்டுக்கொண்டே இருந்தன. தோற்றவரைத் தண்டிக்கும் முறை குறித்து அவர் கூறியது சரி. போர் எவ்வாறு பிறக்கிறது என்பதற்கு அது முழு விடையாகாது.

விடையின் எல்லை

சர்வாதிகாரம் மட்டுமே போரைத் தரும் என்று நாம் கூறவில்லை. 2003 மார்ச்சில் இராக்கின் மீது படையெடுத்தவை தேர்தல் நடத்தும் வளமிக்க நாடுகள். அவை காரணமாகக் காட்டிய பேரழிவு ஆயுதங்கள் கண்டெடுக்கப்படவில்லை. அங்கும் நிகழ்ந்தது என்ன? செலவையும் சாவையும் சுமக்க வேண்டியவர்களுக்கு உண்மைக் கணக்கு காட்டப்படவில்லை. தேர்தல் ஒரு காவல்தான். கணக்குக் கேட்கும் பழக்கம் அற்றுப்போனால் அக்காவலும் உறங்கிவிடும். ஆனால் அங்கு பின்னராவது விசாரணைகள் நடந்தன, ஆட்சியாளர் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கப்பட்டனர். 1980இலோ 1990இலோ பாக்தாதில் அவ்வாறு கேட்ட நாவு நிலைத்திருக்காது.

ஆகவே கெயின்ஸின் நூலை நாம் தள்ளிவிடச் சொல்லவில்லை. வென்றவரின் கொடுமையை வென்றவர் முகாமிலிருந்தே எடுத்துரைத்த துணிவுக்காக அது என்றும் வாசிக்கப்பட வேண்டியது. ஆனால் அதை மேற்கோளாக்கி, பசியின் மேல் போரின் பழியைச் சுமத்தும் வழக்கத்தை விட வேண்டும். அப்பழி இரு தீமைகளைச் செய்கிறது. ஏழையை ஆபத்தானவனாகக் காட்டுகிறது. ஆள்வோனைச் சூழ்நிலையின் கைதியாகக் காட்டுகிறது. முன்னது பொய், பின்னது, அவனே கட்டிய சிறை.

பொது நிதியை அமானிதம் எனக் கருதும் மரபுக்கு உரிய நாம், நமக்கு உவப்பான ஆட்சியாளரிடமும் உவப்பற்றவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும்: நெருக்கடி வந்தபோது சுமையை யார் தோளில் வைத்தீர்? கடன் வாங்கி எதை வாங்கினீர்? அதைத் திருப்பிச் செலுத்த யாருடைய வீட்டை நோக்குகிறீர்? முதற் கேள்விக்கே சிறைச்சாலை விடையாகக் கிடைக்கும் நாட்டில், அங்காடியில் ரொட்டி மலிவாக இருந்தாலும் அண்டை நாட்டார் அஞ்ச வேண்டும்.